குதிரை உறங்கிய கரை

நுழையும்முன்

மனிதன் விலங்குகளைப் பழக்கினான் என்று வரலாறு கூறுகிறது. விலங்குகள் மனிதனுக்குக் கற்பித்தவற்றை ஏடுகள் மிகுதியாகப் பதிந்துவைக்கவில்லை. அவை குளக்கரைகளிலும் தொழுவங்களிலும் வாய்மொழியாகவே வாழ்ந்தன. தென்காசி வட்டாரத்துக் குளக்கரை ஒன்றில் குதிரையோடு கழித்த ஓரிரவை இக்கட்டுரை நினைவுகூர்கிறது. அன்பு, அறிவு, பொறுப்பு ஆகிய மூன்றும் ஒன்றையொன்று எவ்வாறு சார்ந்து நிற்கின்றன என்பதை எண்ணிப் பார்க்க வைக்கிறது.

சாரல் காலத்து வண்டி

ஆனி பிறந்ததும் எங்கள் அச்சன்புதூரின் மேற்கு வானம் நிறம் மாறும். அதுவரை தெளிவாகத் தெரிந்த பண்பொழித் திருமலையும், அதன் பின்னே அடுக்கடுக்காக எழும் மேற்குத் தொடர்ச்சி மலையும் முகிலுக்குள் மறைந்துபோகும். தென்மேற்குப் பருவக்காற்று ஆரியங்காவுக் கணவாய் வழியே புகுந்து, மழையென்றும் பனியென்றும் சொல்லவியலாத மெல்லிய தூவலை வயல்களின்மீது தெளிக்கும். அதற்குச் சாரல் என்று பெயர். வெளியூராருக்குச் சாரல் என்றால் குற்றால அருவி நினைவுக்கு வரும். எங்கள் வீட்டாருக்கோ குதிரை வண்டிதான் நினைவுக்கு வரும்.

என் தாத்தா ஒற்றைக் குதிரை வண்டி வைத்திருந்தார். ஆண்டின் பிற மாதங்களில் அது சந்தைக்குப் போகும். கல்யாண வீட்டுக்குப் போகும். சில இரவுகளில் நோயாளிகளை ஏற்றிக்கொண்டு மருத்துவமனைக்கு விரையும். ஆனால், குடும்பத்தின் ஓராண்டுச் செலவை ஈடுகட்டியது சாரல் காலத்து மூன்று மாத வருமானமே. தென்காசியை மலைக்கு அப்பாலுள்ள கொல்லத்தோடு இணைக்கும் இருப்புப்பாதை 1904ஆம் ஆண்டிலேயே அமைந்துவிட்டது. நெல்லையிலிருந்தும் கொல்லத்திலிருந்தும் ரயிலில் வந்து இறங்குவோர், குற்றாலத்துக்கு வண்டி பிடிக்க நிலைய வாசலுக்கு வருவர். அங்கே வரிசையாக நிற்கும் குதிரை வண்டிகளுள் எங்கள் வண்டியும் ஒன்று.

வண்டியை இழுத்தவள் செவலை. செம்மண் நிறமும் நெற்றியில் சிறு வெள்ளைச் சுட்டியும் உடைய நாட்டுக் குதிரை. தாத்தா அவளை ஒருபோதும் 'அது' என்று சொன்னதில்லை.

1970களின் நடுவில், நான் எட்டாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன். ஆடி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் தாத்தா என்னையும் உடன் அழைத்துச் சென்றார். கூட்டம் மிகுந்த நாள்களில் அவர் ஊர் திரும்புவதில்லை. பகலெல்லாம் ஓடிய குதிரையை மீண்டும் ஊர்வரை ஓட்டுவது தகாது என்பது அவருடைய கணக்கு. தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் இடையிலுள்ள குளக்கரை ஒன்றில் வண்டியை அவிழ்த்துவிட்டு, அங்கேயே இரவைக் கழிப்பார்.

கரையில் ஓர் ஊர்

பொழுது சாயும் வேளையில் நாங்கள் அக்கரையை அடைந்தபோது, அங்கே சிற்றூர் ஒன்று முளைத்திருந்தது. ஏழெட்டு வண்டிகள் நுகக்கால்களைத் தரையில் ஊன்றி நின்றன. அரிக்கேன் விளக்குகள் ஆடின. மூன்று கல் கூட்டி யாரோ கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தார். குதிரைகள் கால் மாற்றி நிற்கும் ஓசையும், பெருமூச்சு விடும் ஓசையும், குளத்துத் தவளைகளின் குரலோடு கலந்து கேட்டன. வாழ்நாளில் முதன்முறையாக வெட்டவெளியில் இரவு தங்கப்போகும் எனக்கு அது திருவிழாவாகத் தோன்றியது.

"பிறகு சாப்பிடலாம்லே. முதல்ல அவளைக் கொஞ்சம் நடத்திக் கூட்டிட்டு வா. வேர்வை அடங்கினபிறகு தண்ணி காட்டு" என்றார் தாத்தா.

அக்கரையில் எழுதப்படாத சட்டங்கள் பல இருந்தன. மேல் மடையருகே உள்ள படித்துறை மனிதருக்கு உரியது. குதிரைகளுக்கு மறுகால் ஓடையில்தான் தண்ணீர் காட்ட வேண்டும். குதிரையை நேராக மரத்தில் கட்டலாகாது. கட்டினால் பட்டையைக் கடிக்கும், குளம்பால் வேரைப் பறிக்கும். எனவே, இரண்டு புளியமரங்களுக்கிடையே தலைக்குமேல் உயரமாக வடம் ஒன்றை இழுத்துக் கட்டுவார்கள். வடம் அறுக்காதிருக்க அடிமரத்தில் சாக்குத்துணியைச் சுற்றுவார்கள். குதிரைகளின் தலைக்கயிறுகளை அவ்வடத்தில் முடிச்சிடுவார்கள். காலையில் புறப்படுமுன், அவரவர் குதிரை போட்ட இலத்தியை அவரவரே வாரி வயலில் எறிய வேண்டும். "நேத்து ராத்திரி இங்கே குதிரை நின்னுதுன்னு காலையில யாருக்கும் தெரியக் கூடாது" என்பது தாத்தாவின் வாக்கு.

தீவனத்துக்கும் முறை இருந்தது. முதலில் புல், நெடுநேரம் கழித்துக் கொள்ளு. அதுவும் ஊறவைத்து, வேகவைத்து, ஆறவைத்த கொள்ளு. ஒரு வேளைக்கு அரைப்படிக்கு மேல் கிடையாது. 'கொள்ளு என்றால் வாயைத் திறக்கும். கடிவாளம் என்றால் வாயை மூடும்' என்னும் பழமொழியை நான் அறிந்திருந்தேன். கொள்ளுக்கு வாயைத் திறக்கும் குதிரைக்கு, எப்போது மூட வேண்டும் என்பது தெரியாது என்பதை அறிந்திருக்கவில்லை.

என் கையால் விளைந்தது

தாத்தா அன்றைய வருமானத்தில் ஒரு பகுதியைக் கடன்காரரிடம் கொடுத்துவரப் புறப்பட்டார். "புல்லை மட்டும் போடு. கொள்ளை நான் வந்து வைக்கேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

செவலை அன்று ஐந்து நடை ஓடியிருந்தாள். மேட்டில் ஏறும்போது அவளுடைய விலா எலும்புகள் விரிந்து சுருங்கியதை நான் வண்டியின் முன்பலகையில் அமர்ந்து பார்த்திருந்தேன். புல்லை ஒதுக்கிவிட்டு, அவள் வண்டியின் அடியில் தொங்கிய சாக்கை நோக்கி மூக்கை நீட்டினாள். எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. இவ்வளவு உழைத்தவளுக்கு வயிறாரக் கொடுத்தால் என்ன என்று தோன்றியது. மறுநாளைக்கென வைத்திருந்த ஊறாத கொள்ளைப் படியால் அள்ளி அவள்முன் கொட்டினேன். தின்றாள். மீண்டும் அள்ளினேன். அதையும் தின்றாள். என் தோளில் மூக்கை உரசினாள். அந்தக் கணத்தில், தாத்தாவைவிட நானே அவள்மீது அன்பு மிக்கவன் என்று எண்ணிக்கொண்டேன்.

நள்ளிரவுக்குச் சற்றுமுன் ஓர் ஓசை கேட்டு விழித்தேன். செவலை முன்னங்குளம்பால் தரையைப் பறித்துக்கொண்டிருந்தாள். தலையைத் திருப்பித் திருப்பித் தன் வயிற்றையே பார்த்தாள். சாரல் குளிரிலும் அவள் கழுத்தில் வியர்வை வழிந்தது.

தாத்தா எனக்குமுன் எழுந்திருந்தார். அவள் வயிற்றில் காதை வைத்துக் கேட்டார். நெடுநேரம் கேட்டார். பிறகு என்னைப் பார்த்தார்.

"என்ன தின்னா?"

"புல்லு மட்டுந்தான் தாத்தா."

சொல் என் வாயிலிருந்து தானாகவே வந்தது. தாத்தா அதை நம்பினார். குளிர் தாக்கியிருக்கலாம் என்று எண்ணி அவள் முதுகில் கோணியைப் போர்த்தினார். கசாயம் வைக்க அடுப்பை மூட்டச் சொன்னார். பிற வண்டிக்காரர்களும் எழுந்து வந்து, தமக்குத் தெரிந்த காரணங்களைக் கூறினர். எல்லாரும் இல்லாத நோயைத் தேடிக்கொண்டிருந்தார்கள். இருந்த நோய் எனக்கு மட்டுமே தெரியும்.

செவலையின் முழங்கால்கள் மடங்கின. அவள் தரையில் விழுந்து, கால்களை உதறிப் புரள முற்பட்டாள். அப்போதுதான் என் அச்சம் என் பொய்யைவிடப் பெரிதாயிற்று.

"கொள்ளு தின்னா தாத்தா. நான்தான் போட்டேன்."

"எவ்வளவு?"

"ரெண்டு படி. ஊறப்போடாதது."

"எப்போ?"

"நீங்க போனதும்."

அவர் என்னை அடிக்கவில்லை, ஏசவும் இல்லை. அடுப்பில் இருந்த கசாயத்தை இறக்கி வைத்தார். நால்வர் சேர்ந்து செவலையை எழுப்பி நிறுத்தினர். இளைஞர் ஒருவர் கால்நடை மருத்துவரை அழைத்துவர மிதிவண்டியில் தென்காசிக்குப் புறப்பட்டார். தாத்தா தலைக்கயிற்றை என் கையில் கொடுத்தபோது ஒரே ஒரு சொல் சொன்னார்: "முதல்லேயே சொல்லியிருந்தா அவளுக்கு ஒரு மணி நேரம் மிச்சமாயிருக்கும்."

அச்சொல் இன்றும் என்னோடு இருக்கிறது.

விடியும்வரை

குதிரையின் உடலமைப்பு விந்தையானது. அதன் உடலின் அளவோடு ஒப்பிட்டால் அதன் இரைப்பை மிகச் சிறியது. இயல்பில் அது நாளெல்லாம் சிறிது சிறிதாகப் புல் மேயும் உயிர். மேலும், குதிரையால் வாந்தியெடுக்க இயலாது. தின்றது தீங்கானாலும் அது குடலின் வழியேதான் வெளியேற வேண்டும். உலர்ந்த தானியத்தை மிகுதியாகத் தின்றால் அது உள்ளே ஊறி உப்பும், காற்று அடைக்கும், வலி தாளாமல் குதிரை புரளும். குடல் முறுக்கிக்கொண்டால் அதன் உயிரைக் காப்பது அரிது. இவற்றையெல்லாம் நான் பிற்காலத்தில் நூல்களில் படித்தேன். எழுத்தறியாத என் தாத்தாவோ, "உள்ளே போனது திரும்பி வராத வயிறு அவளுக்கு" என்று அன்றிரவு ஒரே தொடரில் சொல்லிவிட்டார்.

ஆலமரத்திலிருந்து மறுகால்வரை, மறுகாலிலிருந்து ஆலமரம்வரை நாங்கள் நடந்தோம். தாத்தா விளக்கைப் பிடித்து முன்னே சென்றார். நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு செவலையின் பக்கத்தில் சென்றேன். அவள் நிற்க முற்படும்போதெல்லாம் தாத்தா நாவால் ஒலியெழுப்பி மெல்லத் தூண்டுவார். சிறிது நேரம் நடை. சிறிது நேரம் ஓய்வு. ஓய்வின்போது வயிற்றில் காது.

"நீயும் கேளு" என்றார் ஒருமுறை. நான் காதை வைத்தேன். நலமுள்ள குதிரையின் வயிறு ஓயாது முணுமுணுக்கும். செவலையின் வயிற்றிலோ பூட்டிய வீட்டின் அமைதி. என் கன்னத்தில் அவளுடைய வியர்வை ஒட்டியது. எங்கள் வீட்டு அரிசி, என் தங்கையின் மருந்து, என் பள்ளிப் புத்தகம் எல்லாம் அந்த அமைதிக்குள் அடைபட்டுக் கிடப்பதாகத் தோன்றியது. பிறகு அவையும் மறந்துபோயின. அவள் பிழைத்தால் போதும் என்ற ஒன்றே எஞ்சியது.

மருத்துவர் வந்து ஊசி போட்டார். "நடத்துறது சரிதான், புரள மட்டும் விட்டுடாதீங்க" என்று கூறி அருகிலேயே அமர்ந்தார். கிழக்கே வெள்ளி முளைக்கும் நேரத்தில் தாத்தா மீண்டும் காதை வைத்தார். அவர் முகம் மாறியது. என்னைக் கையசைத்து அழைத்தார். வெகு ஆழத்தில், மடைக்குள் நீர் புகுவதுபோன்ற சிற்றொலி கேட்டது. சற்று நேரத்தில் செவலை வாலை உயர்த்தி இலத்தி போட்டாள். கரையிலிருந்த அத்தனை பேரும் ஆரவாரம் செய்தனர். வெறும் இலத்தியைக் கண்டு அத்தனை மனிதர் மகிழ்ந்ததை நான் வேறெங்கும் கண்டதில்லை.

இரண்டாவது படுக்கை

நன்றாக விடிந்தபின் செவலையை அவள் இடத்திலேயே விட்டோம். சுற்றிலும் பிற குதிரைகள் நின்றன. திடீரென்று அவள் முழங்கால்களை மடக்கினாள், தரையில் சாய்ந்தாள். நான் அலறிக்கொண்டு கயிற்றை இழுத்தேன்.

"விடுலே. இது வேற படுக்கை" என்றார் தாத்தா.

முதற்படுக்கையில் அவள் உடல் முழுவதும் இறுகியிருந்தது; இப்போது தளர்ந்திருந்தது. அப்போது கண்கள் வெருண்டிருந்தன. இப்போது இமைகள் மூடியிருந்தன. குதிரை நின்றுகொண்டே உறங்க வல்லது. கால் மூட்டுகளைப் பூட்டிக்கொண்டு விழாமல் நிற்கும் அமைப்பு அதற்கு உண்டு. எனினும், ஆழ்ந்த உறக்கம் வேண்டுமானால் அது படுத்தாக வேண்டும். படுத்த குதிரை விரைந்து ஓட முடியாது. ஆகவே, காவல் இருக்கிறது என்ற உறுதி ஏற்பட்டாலொழிய அது படுப்பதில்லை. கூட்டத்தில் ஒன்று நின்று காவல் காக்க, மற்றவை படுத்து உறங்கும்.

"ராவெல்லாம் நாம முழிச்சிருந்ததை அவ பார்த்துட்டுத்தானே இருந்தா" என்றார் தாத்தா. வண்டிச் சக்கரத்தில் சாய்ந்து அமர்ந்த அவர் அப்போதும் கண்ணை மூடவில்லை.

அதன்பின் செவலை பல சாரல் காலங்களைக் கண்டாள். பின்னர்த் தானிகளும் சிற்றுந்துகளும் நிலைய வாசலை நிறைத்தன. குதிரை வண்டிகள் ஒவ்வொன்றாக மறைந்தன. எங்கள் வண்டியின் சக்கரம் ஒன்று நெடுநாள் மாட்டுத்தொழுவத்தில் சாய்ந்து கிடந்தது.

காயலில் இறங்கிய குதிரைகள்

குற்றாலத்தில் அருவியாக வீழ்ந்து, தென்காசியைக் கடந்து ஓடும் சிற்றாறு தாமிரபரணியில் கலக்கிறது. தாமிரபரணி கடலைச் சேரும் பகுதியில் பழங்காலத்துக் காயல் துறைமுகம் இருந்தது. அரேபியாவிலிருந்தும் பாரசீக வளைகுடாவிலிருந்தும் கப்பல்களில் வந்த குதிரைகள் அங்கே கரையிறங்கின. அதற்கும் பல நூற்றாண்டுகள் முன்னரே, புகார்த் துறையில் கடல்வழி வந்த குதிரைகளைப் பட்டினப்பாலை குறிப்பிடுகிறது. பரி, புரவி, இவுளி, மா எனத் தமிழ் அவ்வுயிருக்குப் பல பெயர்களைச் சூட்டி மகிழ்ந்தது.

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, இங்குள்ள மன்னர்கள் பெருஞ்செல்வம் கொடுத்து ஆண்டுதோறும் குதிரைகளை வாங்கியதையும், அவற்றைப் பேணும் முறை அறியாததால் அவற்றுள் பெரும்பாலானவை மாண்டுபோனதையும் எழுதியுள்ளார். குதிரைகளுக்குச் சோற்றோடு இறைச்சியைச் சமைத்துக் கொடுத்தனர் என்றும் குறிப்பிடுகிறார். அந்தப் பக்கத்தைப் படித்தபோது நான் நூலை மூடிவைத்தேன். அரசனின் கொட்டிலுக்கும் எங்கள் குளக்கரைக்கும் இடையே ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகள். எனினும், பிழை ஒன்றே. தமக்குச் சிறந்ததாகத் தோன்றியதை அவர்களும் குதிரைக்கு ஊட்டினார்கள், நானும் ஊட்டினேன். குதிரைக்கு எது வேண்டும் என்று ஒருவரும் கேட்கவில்லை.

வேற்று நாட்டு ஏரிக்கரை

இன்று தமிழ்நாட்டில் ஏரியையும் குதிரையையும் ஒருசேரக் காண விரும்புவோர் கொடைக்கானலுக்குச் செல்கின்றனர். 1863ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட அந்த ஏரியைச் சுற்றி ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் நீளச் சாலை வளைகிறது. கால் மணி நேரம் குதிரையேறி, ஒளிப்படம் எடுத்துக்கொண்டு, இறங்கிவிடலாம். மகிழ்ச்சியான பொழுதுதான். ஆனால், குதிரை எப்போது தண்ணீர் குடித்தது என்று அறியாமலே அதனை விட்டு இறங்கிவிடுகிறோம்.

சில ஆண்டுகளுக்குமுன், அமெரிக்காவில் ஏரிகள் நிறைந்த மிச்சிகன் மாநிலத்தில் வாழும் மகன் வீட்டுக்குச் சென்றிருந்தேன். அவன் எங்களை ஏரிக்கரைப் பூங்கா ஒன்றுக்கு அழைத்துச் சென்றான். அங்கே மக்கள் தம் குதிரைகளை இழுவை வண்டிகளில் ஏற்றி வருகின்றனர். காட்டினுள் குதிரைகளுக்கென வகுத்த தடங்களில் பகலெல்லாம் உலவுகின்றனர். இரவில் குதிரைகளின் அருகிலேயே கூடாரமடித்துத் தங்குகின்றனர். செல்வம் மிக்க நாட்டின் பொழுதுபோக்கு என்று எண்ணியவாறே நடந்த நான், ஓரிடத்தில் நின்றுவிட்டேன்.

இரண்டு மரங்களுக்கிடையே, தலைக்குமேல் உயரத்தில், வடம் ஒன்று இழுத்துக் கட்டப்பட்டிருந்தது. மரப்பட்டை காயமுறாதிருக்க அகலமான பட்டைத்துணி அடிமரத்தைச் சுற்றியிருந்தது. குதிரைகளின் தலைக்கயிறுகள் அவ்வடத்தில் முடிச்சிடப்பட்டிருந்தன.

மகனிடம் கேட்டுக் கேட்டு அறிந்தேன். நீர்நிலையிலிருந்து ஏறத்தாழ 60 மீட்டர் தள்ளியே குதிரையைக் கட்ட வேண்டும் என்பது இத்தகைய பயணிகளிடையே வழங்கும் பொதுநெறி. இலத்தியை வாரி அதற்குரிய இடத்தில் சேர்க்க வேண்டும். காட்டில் களைகள் பரவாதிருக்க, களைவிதை கலவாத தீவனத்தையே கொண்டுவரச் சொல்லும் இடங்களும் உண்டு. தங்கிய தடமே தெரியாமல் இடத்தைவிட்டு நீங்க வேண்டும். தாத்தாவின் சட்டங்கள், அவர் கண்டிராத நாட்டில், அவர் அறியாத மொழியில், அறிவிப்புப் பலகை ஏறியிருந்தன. நீரும் மரமும் குதிரையும் எங்கும் ஒன்றே. அவற்றோடு வாழ்வோர் எந்நாட்டில் இருந்தாலும் அவை ஒரே பாடத்தைத்தான் கற்பிக்கும் போலும்.

அன்றிரவு நாங்களும் அங்கே கூடாரத்தில் தங்கினோம். பின்னிரவில் பேத்தி என்னை எழுப்பினாள்.

"தாத்தா, அந்தக் குதிரை கீழே விழுந்துடுச்சு. அதுக்கு உடம்பு சரியில்லையா?"

எழுந்து சென்றேன். நிலவொளியில், நீண்ட கயிற்றோடு பழுப்புக் குதிரை ஒன்று தரையில் படுத்திருந்தது. சற்றுத் தொலைவில் நின்று அதையே பார்த்தேன். கழுத்தில் வியர்வை இல்லை. தலை வயிற்றை நோக்கித் திரும்பவில்லை. காதுகள் தளர்ந்திருந்தன. அதனருகே மற்றொரு குதிரை, ஏரியை நோக்கியவாறு விழித்து நின்றது.

"இல்லம்மா. தூங்குது" என்றேன். "நாம எல்லாரும் பக்கத்துல இருக்கோம்ல, அதனால படுத்துத் தூங்குது."

பேத்தி கூடாரத்துக்குள் போய் உறங்கிவிட்டாள். நான் வாயிலில் அமர்ந்துகொண்டேன். அந்தக் குதிரை எழுந்து நிற்கும்வரை எனக்கு உறக்கம் வரவில்லை.

தெரிந்து தெளிவோம்

குதிரை நாளொன்றுக்கு ஏறத்தாழ மூன்று மணி நேரமே உறங்கும். அதுவும் தொடர்ச்சியாக அன்றிச் சிறுசிறு பொழுதுகளாக அமையும். பெரும்பகுதியை நின்றவாறே கழிக்கும். ஆழ்ந்த உறக்கத்துக்காக மட்டும் சிறிது நேரம் படுக்கும். தரையைக் குளம்பால் பறித்தல், வயிற்றைத் திரும்பிப் பார்த்தல், வியர்த்தல், படுத்துப் புரளுதல் ஆகியன குதிரையின் வயிற்றுவலிக்கு அறிகுறிகள். இவற்றைக் கண்டவுடன் தீவனத்தை நிறுத்திவிட்டுக் கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டிலோ ஊரிலோ விலங்குகளைப் பேணும் முதியோர் ஒருவரிடம் உரையாடி, அவர் பின்பற்றும் எழுதப்படாத விதிகளைத் தொகுத்து எழுதுக.

2. 'முதல்லேயே சொல்லியிருந்தா அவளுக்கு ஒரு மணி நேரம் மிச்சமாயிருக்கும்' என்னும் தொடர் உணர்த்தும் கருத்தை வகுப்பில் கலந்துரையாடுக.

3. மடை, மறுகால், கரை, படித்துறை முதலிய நீர்நிலை சார்ந்த சொற்களுள் உங்கள் பகுதியில் வழங்குவனவற்றைத் திரட்டி அகரவரிசைப்படுத்துக.